பூட்ஸின் அடிக்குப் போட்ட பாலிஷ்

டிரைவரம்மா ஓட்டாத வண்டி கிடையாது. தலை நரைக்கும்வரை ராணுவத்தில் லாரி ஓட்டியவள். பாலம் இல்லாத ஆற்றில் இறக்கியிருக்கிறாள், சேற்றில் புதைந்ததைக் கிளப்பியிருக்கிறாள். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபின் அவள் கைக்கு வந்த வண்டி அவளுடைய அப்பா. எல்லாவற்றையும்விடப் பொல்லாத வண்டி அதுதான். என்ஜின் கிளம்பாது, ஹாரன் மட்டும் ஓயாது.

அப்பா பழைய காலாட்படைக்காரர். போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. மனிதர்தான் கட்டிலைவிட்டு இறங்க மாட்டேன் என்றார். கொடுத்ததைக் கொறித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். படுத்தே கிடந்தால் முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும். மகளுக்கு அது தெரியும். ஆனால் அவரிடம் கெஞ்சிப் பயனில்லை என்பதும் தெரியும்.

அவளுடைய மகள் பொடிசு பட்டாளத்தில் சேர்ந்தபிறகுதான் வழி பிறந்தது. பெயர்தான் பொடிசு, நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம்.

"பயிற்சி முடிஞ்சு அவங்க அணிவகுக்கிற அன்னிக்கு, பழைய ஆளுங்களைக் கூப்பிட்டு சல்யூட் அடிச்சுட்டுப் போவாங்கப்பா. நிக்க முடிஞ்சவங்களுக்கு மேடை. முடியாதவங்களுக்குப் பந்தல்ல நாற்காலி. உங்களுக்கு எது?"

"பந்தலா? நான் என்ன கல்யாணத்துக்கா போறேன்?" என்று கிழவர் காலைத் தரையில் வைத்தார்.

அன்று தொடங்கியது கவாத்து. முதலில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தலைசுற்றல் அடங்க வேண்டும். பிறகுதான் எழுந்திருக்கலாம். கையைப் பிடித்து இழுக்காமல், இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துத் தாங்கினாள் மகள். சமையலறை மேடையைப் பிடித்து நின்றார். வலித்தால் அவளைத் திட்டினார். திட்டுவதற்கு மூச்சு மிச்சமிருக்கிறதே என்று அவள் இன்னொரு முறை எழுப்பினாள். வெயில் ஏறும் காலத்தில் பிடிப்பில்லாமல் நின்றார். "அடியே, நின்னுட்டேன்டி!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

விழா நாளும் வந்தது. மைதானமெங்கும் முரசு, விசில், கொடிகள். சக்கர நாற்காலியில் கொண்டுபோய் மேடையோரம் இறக்கினாள். கிழவர் மெடல்கள் குலுங்க எழுந்தார், கைப்பிடியைப் பற்றிப் படியேறினார், மேடைப் பலகையில் கால் வைத்தார். கால் சர்ரென்று முன்னால் ஓடியது. மகளின் கை பெல்ட்டில் இருந்ததால் தப்பினார். மறுகாலை வைத்தார். அதுவும் ஓடியது.

மேடைப் பொறுப்பிலிருந்த இளம் அதிகாரி பதறி ஓடிவந்தார். "ஐயா, வேணாம். பந்தல்ல சௌகரியமா உட்காரலாம்."

கிழவரின் முகம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாட்களின் முகமாக மாறியது. டிரைவரம்மா அதைக் கவனித்தாள். இன்று இறங்கினால் இந்த மனிதர் மறுபடி கட்டிலைவிட்டு எழப்போவதில்லை.

அவரைப் படியில் உட்காரவைத்து பூட்ஸைக் கழற்றித் திருப்பினாள். அடித்தோல் கண்ணாடி மாதிரி மின்னியது.

"யாருப்பா இந்த வேலை பாத்தது?"

"பொடிசுதான், லீவுல வந்தப்போ. மண்டி போட்டா பின்னால நிக்கிறவன் கண்ணுக்கு அடிதான் தெரியும், அதுவும் மின்னணும். நம்ம வீட்டு வழக்கம்தானே?"

வழக்கம்தான். ஆனால் முன்பெல்லாம் மண்ணில் நடந்து பாலிஷ் தேய்ந்துபோகும். இன்று ஐயா சக்கரத்தில் அல்லவா வந்து இறங்கியிருக்கிறார்!

"வழுவழு டயரை மாட்டிக்கிட்டு மலையேற வந்திருக்கீங்க. இங்கேயே இருங்க!" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அந்த வயதில், முட்டி வலியோடு, காரைப் பார்த்து ஓடினாள். முரசு வேகம் பிடித்தது. பஞ்சர் ஒட்டும்போது டியூபைத் தேய்க்கிற அரம் எப்போதும் வண்டியில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு வந்த வேகத்தில் திரும்பி, படியில் உட்கார்ந்து அடித்தோலை வரட் வரட்டென்று தேய்த்தாள்.

"அடிப்பாவி! பேத்தி ராவெல்லாம் உக்காந்து போட்ட பாலிஷ்டி!"

"பேசாம காலை நீட்டுங்க!"

பூட்ஸை மாட்டி நாடாவை இறுக்கினாள். "சார், ஒரே ஒரு தடவை," என்றாள் அதிகாரியிடம். அவர் மைதானத்தைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார், தலையசைத்து வழிவிட்டார்.

கிழவர் பலகையில் கால் வைத்தார். பிடித்தது. இன்னொன்று. அதுவும் பிடித்தது. நிமிர்ந்தார்.

அணிவகுத்து வந்தவர்களின் பூட்ஸ் சத்தத்தில் மேடை அதிர்ந்தது. மூன்றாவது வரிசையில், ஓரத்தில், எல்லாரையும்விட உயரமாகப் பொடிசு. "வலம் பார்!" என்று கட்டளைக் குரல் முழங்கியது. அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

"கையை எடு," என்றார் கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"விழுந்துடுவீங்கப்பா."

"எடு கழுதை. நீயும் பட்டாளம்தானே? பிள்ளை உனக்கும்தான் சல்யூட் அடிக்குது. பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு என்னத்த அடிப்பே?"

அவளுக்கு அது தோன்றவே இல்லை. மாத்திரை, துண்டு, தண்ணீர்ப் புட்டி என்று யோசித்தவள், தன்னை யோசிக்க மறந்திருந்தாள். பெல்ட்டை விட்டாள். கிழவர் அசையவில்லை. அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் கை உயர்த்தினார்கள். கண்ணை இடுக்கிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடந்துபோனாள் பொடிசு.

கடைசி வரிசை போகும்வரை கிழவர் உட்காரவில்லை. நாற்காலியில் சாய்ந்ததும் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுக் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"பாழாக்கிட்டியேடி. வீட்டுக்குப் போனதும் அடிக்கு மறுபடி பாலிஷ் போடணும்."

"தாராளமா போடுங்க. போட்டுட்டு கட்டில்ல படுத்துக்கிட்டு மாட்டிக்குங்க."

"கட்டிலா? யார் படுக்கப் போறா?" என்றார் கிழவர்.