டைனோசர் கண்ணில் படும்வரை

ஆபித் பாஷாவுக்கு ஆம்பூர் டேனரியில் செலக்‌ஷன் வேலை. வந்து இறங்கும் ஆட்டுத்தோலை விரித்து, கீறலும் வடுவும் பார்த்து ரகம் பிரிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை டேனரிக்கு விடுமுறை. ஜும்ஆ தொழுகை முடிந்து சும்மா படுத்திருக்கும் அந்த மதியங்களில், கல்யாணமான புதிதில் வந்த ஒரு வெள்ளிக்கிழமைக்கு அவர் நினைப்பு இன்றும் ஓடிவிடும்.

மனைவி மஹ்பூபி குடியாத்தத்து லுங்கி வியாபாரி வீட்டுப் பெண். அவர் உடம்பில் ஏறியிருந்த தோல் வாடையில் சோறு இறங்கவில்லை என்று வந்த வாரமே அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை வந்து கூட்டிப்போவதாக அண்ணன் நயீம் அகமது சொல்லிவிட்டார். போனால் திரும்பி வருவாளா?

ஆபித் பாஷாவுக்குக் கெஞ்சவும் தெரியாது, சிரிக்கப் பேசவும் வராது. பழைய புத்தகக் கடையில் ஒரு நாவலை வாங்கிவந்தார். உயிருள்ள டைனோசரைத் தேடி நாலு பேர் காட்டுக்குள் போகிற கதை. சாயங்காலம் சோப்புத் தேய்த்துக் குளித்துவிட்டு உரக்கப் படித்தார். உருதுப் பள்ளியில் படித்த மஹ்பூபிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் சமையலறையில் பாத்திரச் சத்தம் அடங்கிப்போயிருந்தது.

காலடித் தடம் கிடைக்கிற இடம் வந்ததும் அவர் நிறுத்தினார். “இம்மாம் பெரிய காலுன்னா, தோலு எரநூறு சதுர அடிக்குக் கம்மி இருக்காது. காட்டுல திரியிறது, முள்ளுக் கீறல்தான் ஜாஸ்தி. தேர்டு செலக்‌ஷன்.”

மஹ்பூபி கரண்டியோடு வெளியே வந்தாள். “அதை உயிரோட பாக்கணும்னு அவங்க பட்டினி கெடந்து அலையிறாங்க. நீங்க அதுக்குள்ள உரிச்சுட்டீங்களா?”

அவளாகப் பேசிய முதல் பேச்சு அது. சந்தோஷத்தில் அவருக்கு எந்த வரியில் விட்டோம் என்பதே மறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நயீம் அகமது வந்தபோது பெட்டி தயாராக இருந்தது. மஹ்பூபிதான் எழுந்திருக்கவில்லை.

“இன்னா, கெளம்பலியா? வண்டிக்கு நேரமாச்சு.”

“இருங்க பாய்ஜான். சேத்துல கழுத்து வரைக்கும் மாட்டிக்கினு இருக்காங்க.”

“யாரு?”

“ஒக்காந்து கேளுங்க, தெரியும்.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். ஆபித் பாஷா படித்தார். ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவிக்கொண்டு போனது. “அத்த வுடு மாப்ள,” என்றார் நயீம் அகமது, “கயிறு போட்டானா இல்லியா?”

அடுத்த வண்டிக்கு அவர் பெட்டியைத் தூக்கினார். மஹ்பூபி கையைப் பிடித்துத் தடுத்தாள். “அது இன்னும் கண்ணுலயே படல பாய்ஜான். பாத்துட்டு வர்றேன்.”

அன்றிலிருந்து ஆபித் பாஷா நாளுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் புரட்டவில்லை. டைனோசர் கண்ணில் படுவதற்குள் ரம்ஜான் வந்துவிட்டது. பெருநாளுக்கு இருவரும் சேர்ந்தே குடியாத்தம் போனார்கள், சேர்ந்தே திரும்பினார்கள்.