மடியில் ஒரு வாளி மண்

பீர்மேட்டில் பஸ் ஏறிய அந்த அம்மாள், மடியில் பெயிண்ட் வாளியோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். விரல்களில் தேயிலைக் கறை. வளைவுக்கு வளைவு ஈரத்துணியை விலக்கி, வாளியிலிருந்த வெறும் மண்ணைப் பார்த்தார். இருபத்திரண்டு தடவை! எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா அது?"

"ஆப்பிரிக்கன் மல்லி விதை, சார். கொத்தமல்லி வாசம், நீள இலை. எஸ்டேட் வேலை முடிஞ்சு லயத்து வீட்டைக் காலி பண்ணியாச்சு. மகன் வீட்டு மாடியில வைக்கணும்."

"வளர்ந்த செடியையே கொண்டு வந்திருக்கலாமே?"

"அதை அடுத்து வர்றவுகளுக்கு விட்டுட்டேன். வந்த அன்னைக்கே குழம்புல கிள்ளிப் போட வேணாமா?"

"இப்படித் திறந்துகிட்டே இருந்தா முளைக்குமா?"

"நீங்களுந்தான எட்டி எட்டிப் பாக்கீக!"

நான் இறங்கும் இடம் வந்தபோது அவர் தூங்கிப்போயிருந்தார். துணி நழுவிய ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. முளையென்றால் எழுப்ப வேண்டும். பாசியென்றால் எழுப்புவது பாவம். குனிந்து பார்ப்பதற்குள் கண்டக்டர் என்னை இறக்கிவிட்டார்.