‘கெழக்க போங்கம்மா’

“அண்ணா, நன் ஹெண்ட்தி எல்லி? மகு எல்லி?”

ஒருவன் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த மத்தியானம். ஓசூர்ப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் நான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். கம்பெனியில் ரிட்டயர் ஆனபிறகு கான்ட்ராக்டில் சேர்ந்த வேலை. கன்னடம் எனக்கு ஒன்றும் தண்ணி பட்ட பாடு இல்லை. ஆனால் மூக்கண்டப்பள்ளியில் குடியிருப்பவனுக்கு இதுகூடவா புரியாது? பெண்டாட்டியையும் பிள்ளையையும் காணோம் என்கிறான்.

பெயர் மஞ்சுநாத். அத்திப்பள்ளிப் பக்கம் ரோஜா வளர்க்கிற பாலிஹவுஸில் புருஷனும் பெண்டாட்டியும் வேலை செய்கிறார்கள். அங்கே பையனைப் பாம்பு கடித்துவிட்டது. பைக்கில் கொண்டுவந்து தாயையும் பிள்ளையையும் வாசலில் இறக்கிவிட்டு, இவன் வண்டியை நிறுத்தப் போயிருக்கிறான். திரும்பி வந்து கேஷுவாலிட்டியில் கேட்டால், “பாம்புக்கடியா? அப்படி யாரும் வரலையேங்க!” என்கிறார் டூட்டி சிஸ்டர்.

வாசலிலிருந்து கேஷுவாலிட்டி கூப்பிடு தூரம். அதற்குள் எங்கே போவாள்?

வாசலில் செக்யூரிட்டி மாரியப்பன் நின்றிருந்தான். மத்தூர்ப் பக்கத்து விவசாயி.

“ஏம்ப்பா, புள்ளயத் தூக்கிட்டு ஒரு பொம்பள வந்துச்சா?”

“வந்துச்சுங்க சார். போர்டப் பாத்து முழிச்சிட்டு நின்னுச்சு. எமர்ஜென்சி, எமர்ஜென்சின்னு ஒரே அழுவ. நான்தான் ‘கெழக்க போங்கம்மா, கெழக்க’ன்னேன். தலையாட்டிட்டு ஓடுச்சு.”

அவனைக் குறை சொல்ல முடியாது. போர்டிலேயே அப்படித்தான் இருந்தது: ‘அவசர சிகிச்சை – கிழக்குப் பிளாக்’. அதோடு மாரியப்பனுக்குக் கையைக் காட்டி வழி சொல்லிப் பழக்கமே இல்லை. அவனுக்கு வரப்பும் கிணறும் கெழக்க, மேக்கதான். டீ டம்ளரைக்கூட “கொஞ்சம் மேக்க தள்ளுங்க” என்பான்.

கிழக்குப் பிளாக் முழுக்கத் தேடினோம். எக்ஸ்ரே ரூம், லேப், பாத்ரூம் எதிலும் இல்லை. மைக்கில் கூப்பிட்டும் பதில் இல்லை. கடித்தது எந்தப் பாம்போ, எவ்வளவு நேரம் ஆனதோ! மஞ்சுநாத் மறுபடி வாசலுக்கு ஓடி மாரியப்பனை உலுக்கினான்.

“ஏனு ஹேளிதே? என்ன சொன்னே?”

“கெழக்க போகச் சொன்னேம்ப்பா! கெழக்க!”

மாரியப்பன் வாயில் அது ‘கெளக்க’ என்றுதான் வந்தது. மஞ்சுநாத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. விரலால் தரையைக் காட்டினான்.

“கன்னடத்துல கெளக்கே அந்த்ரே கீழே, அண்ணா! கீழே!”

ஐயோ! கீழே இருப்பது பேஸ்மென்ட். ஜெனரேட்டரும் உடைந்த கட்டில்களும் கிடக்கிற இடம். டீசல் திருட வந்தவன் உள்ளேயே மாட்டிக்கொள்ளட்டும் என்று போட்ட இரும்புக் கதவு; வெளியிலிருந்து தள்ளினால் திறக்கும், தானாகச் சாத்திக்கொள்ளும், உள்ளேயிருந்து சாவியில்லாமல் திறக்காது. ஜெனரேட்டர் ஓடும்போது உள்ளே எவ்வளவு கத்தினாலும் மேலே கேட்காது.

படிக்கட்டில் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. கதவைத் தள்ளினேன். அவள் கதவை ஒட்டியே நின்றிருந்தாள். தட்டித் தட்டி உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. குரல் போய்விட்டது, வாய் மட்டும் அசைந்தது. தோளில் பையனின் தலை தொங்கியது, இமை பாதி மூடியிருந்தது. மஞ்சுநாத் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடினான்.

டாக்டர் மருந்து ஏற்றி, மூச்சுக் குழாய் போட்டார். “இன்னும் கொஞ்சம் லேட் ஆகியிருந்தா மூச்சே நின்னிருக்கும்” என்றார். அந்த அறை வாசலில் மாரியப்பன் உட்கார்ந்து அழுதான். பையன் கண் திறக்கும்வரை எனக்கும் சோறு இறங்கவில்லை.

பிறகு மீட்டிங் போட்டார்கள். ஆபீசர், “கன்னடத்துலயும் ஒரு போர்டு வெச்சிடுங்க, முடிஞ்சுது” என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“சார், அந்தம்மாவுக்குக் கன்னடமும் படிக்கத் தெரியாது. புள்ளயத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வர்றவங்க எந்த பாஷையில சார் படிப்பாங்க?”

கடைசியில், வாசலிலிருந்து கேஷுவாலிட்டி கட்டில்வரை தரையில் அகலமாகச் சிவப்புக் கோடு போட அனுமதி கிடைத்தது. பேஸ்மென்ட் படிக்குக் கிரில் வைத்தோம். கதவுக்கு உள்ளேயும் கைப்பிடி வந்தது. மாரியப்பன் இப்போது வாயே திறப்பதில்லை. குனிந்து கோட்டைத் தொட்டுக் காட்டுகிறான். இருந்தும் ஜெனரேட்டர் சத்தம் கேட்டால் எனக்குப் பயம் வந்துவிடும். கீழே ஒருமுறை போய்ப் பார்த்தால்தான் மனசு ஆறும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். போர்டு மாட்டியதும் வழி தெரிந்த நம் கண்ணால் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பயந்து ஓடி வருகிறவர்களுக்கு அது எப்படிப் படும், எப்படிக் கேட்கும் என்று பாருங்கள்.

ரிவ்யூவுக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு அந்தம்மா ஒருநாள் வந்தாள். போகவேண்டிய ஓபி இடதுபக்கம், வாசலை ஒட்டியே இருக்கிறது. அவளோ பையன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சிவப்புக் கோட்டின் மேலேயே நடந்தாள்.

“ஓபி இந்தப் பக்கம்மா” என்று கையைக் காட்டினேன்.

அவள் நிற்கவில்லை. “பேடா அண்ணா. ஈ கெரே பிட்டு நான் ஹோகல்லா” என்றாள். வேண்டாம், இந்தக் கோட்டை விட்டு நான் போகமாட்டேன் என்கிறாள்.

கோடு முடிகிற இடம்வரை நானும் அவர்களோடு நடந்தேன்.