கதவு மூடியே இருந்தது

ஊர் ஊராகச் சுற்றி நெய்வேலிக்கு வந்தபோது, சுரங்க உதிரிப்பாகங்கள் வைக்கும் ஒரு கிடங்கில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. அங்கே எந்தப் பெட்டி வேண்டுமென்று கம்ப்யூட்டர் சொல்லும். கிரேன் தானாக ஓடி, உயர அடுக்குகளிலிருந்து பெட்டிகளை எடுத்துவரும். கம்பிவலைக் கதவைத் திறந்தால் எல்லாம் நின்றுவிடும். நின்றால் திட்டு விழும். அதனால் பெட்டி ஏதாவது சரிந்தால், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வலைக்கு அடியில் புகுந்துபோய் நேராக்குவோம்.

அன்று நான் உள்ளே இருக்கும்போதே கிரேன் என்னை நோக்கி வந்தது. ஒதுங்க இடமில்லை. ஒரு முழம் தள்ளி நின்றது. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் சேகர் அண்ணன் தண்ணீர் குடிக்க வெளியே வந்தவர், வலையோரம் கிடந்த என் செருப்பைப் பார்த்ததும் ஓடிப்போய் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தார்.

அதிகாரி வந்தார். "எதுக்குய்யா நிறுத்துன?"

"உள்ள ஆள் இருந்தான் சார்," என்றார் அண்ணன்.

"நான்தாங்க இருந்தேன்," என்றேன்.

அதிகாரி திரையைக் காட்டினார். "கதவே தொறக்கல. அப்ப ஆள் எப்படி உள்ள இருப்பான்?"

எங்களை அப்படிப் புகுந்துபோகச் சொன்னவரே அவர்தான்.

காரணமில்லாமல் நிறுத்தியதாகச் சொல்லி, சாயங்காலமே அண்ணனின் கேட் பாஸை வாங்கிக்கொண்டு வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். நானும் அவரோடு கிளம்பிவிட்டேன்.

வடலூர் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. "ஏன்டா அழுவுற? ஒன்னப் பொணமா தூக்கிகினு போவல, பக்கத்துல உக்கார வச்சிகினு போறேன். டிக்கெட்ட நீ எடு," என்றார்.

வீட்டில் என்ன சொன்னாரோ தெரியாது. வடலூரில் இறங்கிப் போனவரை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. எந்த ஊரில் வேலை செய்தாலும், அவர் சோற்றைத்தான் தின்றுகொண்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது.