தங்கத்தாய் பறித்த பூக்கள்

சாயர்புரத்திலிருந்து தூத்துக்குடிக்கு வாக்கப்பட்டு வந்தவள் தங்கத்தாய். கணவர் வன்னியபெருமாளுக்குத் துறைமுகம் போகிற சாலையில் கயிறும் பெயிண்டும் விற்கும் கடை. படகுக்காரர்கள் அண்ணாச்சி, அண்ணாச்சி என்று அவரைச் சுற்றி வருவார்கள். கடையில் எந்நேரமும் சிரித்த முகம். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிவிடுவார்.

முதல் இரண்டு பிள்ளைகள் தங்கத்தாய்க்கு வயிற்றில் தங்கவில்லை. பிறகு அனுசியா பிறந்தாள். ஆனாலும் அவர் அதை மறக்கவிடவில்லை. குழம்பு அடிப்பிடித்தாலும் மோட்டார் ஓடாவிட்டாலும் ஒரே பேச்சுத்தான். “இவ கை பட்டது எது வெளங்கியிருக்கு?”

அனுசியா கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகு பழைய வீட்டை இடித்துக் கட்டினார்கள். அந்தக் காலத்துச் சுவரிலிருந்து கடலில் வெட்டி எடுத்த பவளக்கற்கள் வெள்ளை வெள்ளையாக வந்தன. வன்னியபெருமாள் அவற்றை யாருக்கும் கொடுக்கவில்லை. கொடைக்கானலில் ஒரு விடுதி வாசலில் பார்த்ததுபோல ராக் கார்டன் போடப்போகிறேன் என்றார். கல்லைச் சுமந்தது தங்கத்தாய், அடுக்கியது அவர். கல்லிடுக்குகளில் நர்சரியிலிருந்து வாங்கி வந்த டெய்சியை நட்டார். தரையோடு படரும் செடி. மேலே பட்டுப்போனாலும் வேரிலிருந்து திரும்பத் துளிர்த்துப் பல வருஷம் நிற்குமாம். மற்றதெல்லாம் பூத்து ஓய்ந்த பிறகு, மார்கழிப் பனியில்தான் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாகப் பூக்குமாம். விற்றவன் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

காலையும் மாலையும் அவரே தண்ணீர் ஊற்றினார். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து விட்டார். இலை நெருக்க நெருக்கமாகத் தழைத்தது. மார்கழிகள் வந்து போயின. ஒரு மொட்டுகூட வரவில்லை.

ஒரு சித்திரையில் அவர் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியபோது ஓரத்துச் செடி ஒன்று வாடிக் கிடந்தது.

“நான் தொடவே இல்லீங்க. நீங்கதான தொடக்கூடாதுன்னு சொன்னிய?”

“தொடாமலே கருக்கிட்டியா? வெயில்ல நிக்கது எப்படி இருக்கும்னு நீயும் தெரிஞ்சுக்கோ. ஏறு கல்லு மேல.”

உச்சி வெயிலில், வெறுங்காலோடு அவளைக் கல்லின்மேல் ஏற்றி நிறுத்தினார். பக்கத்து வீட்டு ஷெர்லி, பள்ளிக்கூடத்து டீச்சர், மதில் மேலாக எட்டிப் பார்த்துப் பதறினாள். “அண்ணாச்சி, அக்கா காலு வெந்துரும்!”

“ஒங்க சோலியப் பாருங்க டீச்சர்.”

உள்ளே போய்த் தானே போட்டுச் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்த பிறகுதான் “எறங்கு” என்றார். தங்கத்தாயின் உள்ளங்கால் தோல் உரிந்து வந்தது. பல நாள் பாதத்தை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே சமைத்தாள்.

அந்த ஆவணியில் கடையில் உட்கார்ந்திருந்தவரைப் பக்கவாதம் சாய்த்தது. வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. தங்கத்தாய்தான் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டினாள், சோற்றைக் குழைத்து ஊட்டினாள். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் கொடுத்து வைத்த மனுஷன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பகலில் அவருடைய நாற்காலியைச் சன்னலோரம், கற்களைப் பார்க்கப் போட்டாள். செடிக்கு மட்டும் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. தொடாதே என்றுதானே உத்தரவு, அதனால் அவள் தொடவில்லை.

ஐப்பசி மழை வந்து வடிந்தது. கார்த்திகை கடைசியில் செடி முழுக்க மொட்டு. ஒரு நாள் விடியக்காலையில் வாசல் தெளிக்கப் போனவள் முதல் பூ விரிந்திருப்பதைப் பார்த்தாள். தண்ணீர் வாளியைக் கீழே வைத்தாள். பிறகு சன்னலைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தூக்கத்தில் இருந்தார். பூவைக் கிள்ளி எடுத்துச் சாக்கடையில் போட்டாள்.

தலைவாரி விடும்போது, “இந்த வருசமும் பூக்கல” என்று அவரிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். மாலையில் மொட்டு வெடிக்கிற பதத்தில் இருப்பதை அவர் சன்னல் வழியாகப் பார்ப்பார். காலையில் வெறும் காம்பு நிற்கும். சில நாளிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. இடக்கையால் சன்னல் கம்பியை அடித்தார். கண்ணில் வழிந்ததைத் தங்கத்தாய் முந்தானையால் ஒற்றித் துடைத்தாள், எச்சிலைத் துடைப்பதுபோலவே.

ஒருநாள் ஷெர்லி பார்த்துவிட்டாள்.

“எதுக்குக்கா விடியுமுன்ன பறிக்கிய?”

“அவரு பாக்கக்கூடாது.”

ஷெர்லி மதிலை ஒட்டி நெருங்கி வந்தாள். “வேண்டாம்க்கா. நீங்க அவர ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். இது வேண்டாம்.”

“அடிச்சா வலி ஆறிரும்லா?” என்றாள் தங்கத்தாய்.

பொங்கலுக்கு அனுசியா வந்தாள். அம்மாவின் கண்ணுக்குத் தப்பி, ஒரு கல்லின் பின்பக்கம் விரிந்திருந்த பூ அவள் கண்ணில் பட்டது. அப்பாவை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து காட்டினாள். போனில் எதையோ தேடிப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

“இதுக்குத் தண்ணி ரொம்ப ஆகாதாம்ப்பா. உரமும் ஆகாதாம். கண்டுக்காம விட்டாத்தான் பூக்குமாம். நீங்க ஊத்தி ஊத்தியே இத்தன வருசமும் கெடுத்திருக்கிய.”

மகள் வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். அவர் பூவைப் பார்க்கவில்லை, தங்கத்தாயைப் பார்த்தார். அனுசியா படம் எடுக்கக் குனிந்த நேரத்தில் தங்கத்தாய் அவர் காதருகே போனாள்.

“கேட்டியளா? ஒங்க கைதான் வெளங்காத கை.”

அதற்கப்புறம் அவர் சோற்றுக்கு வாய் திறப்பதை நிறுத்திவிட்டார். திறக்க வைக்க அவளும் மெனக்கெடவில்லை. மகள் ஊருக்குப் போன பிறகு, ஊட்டுகிற கிண்ணம் அவர் முன்னால் கொஞ்ச நேரம் இருக்கும், பிறகு உள்ளே போய்விடும். மாசி பிறந்ததும் செத்துப்போனார். இரண்டாம் தடவை வாதம் என்றார் டாக்டர். தங்கத்தாய் வாய்விட்டு அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை.

ஷெர்லி துக்கத்துக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனாள். பிறகு மதில் பக்கமே வரவில்லை. அந்தப் பக்கச் சன்னலையும் சாத்திவிட்டாள்.

அடுத்த மார்கழியில் செடி முன்னைவிட அதிகமாகப் பூத்தது. தங்கத்தாய் வாசல் தெளித்துவிட்டு உள்ளே போய்விடுவாள், பறிக்கவில்லை. உப்புக்காற்றில் ஆடிக்கொண்டு, வெயிலைத் தாங்கிக்கொண்டு, வாரம் கழிந்தும் பூக்கள் அப்படியே இருந்தன. ஒரு பூ செடியிலேயே இருந்தால் எத்தனை நாள் நிற்கும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.