புழுங்கலும் பச்சையும் கலந்த அப்பாவின் தளிகை

எங்கள் அப்பா பெருமாள் திருவடிக்குப் போய்ச் சேர்ந்து ஓர் ஆண்டு நிறைகிறது. ஒரே மகள் என்பதால் இந்த நினைவு மலரில் எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். அழுதுகொண்டே எழுதினால் அப்பாவுக்குப் பிடிக்காது. சாவு வீட்டில்கூட வேடிக்கை பேசி அம்மாவிடம் திட்டு வாங்கிய மனிதர் அவர்.

அப்பா வடக்குப்பட்டில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவரை வளர்த்து ஆளாக்கியவர் அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா. நிலம் கம்பெனிகளுக்குப் போனபோது ஊரே கலங்கி நின்றது. அப்பா லைசென்ஸ் எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஓட்டப் போய்விட்டார். “நெல்லு வெளஞ்ச எடத்துல காரு வெளையுது. ஏர் புடிச்ச கை ஸ்டியரிங் புடிக்காதா இன்னா?” என்பார். ஷிப்டுக்கு ஓடிவரும் பிள்ளைகளை விட்டுவிட்டு அவர் வண்டியை எடுத்ததே இல்லை. சுங்குவார்சத்திரத்தில் ஹாரன் அடித்தே பாதிப் பேரை எழுப்புவார். அதற்காக லாட்ஜ்காரரிடம் அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் குலதெய்வம் திருமலையப்பன். புரட்டாசியில் மலை ஏறுமுன் ஒரு சனிக்கிழமை, நாமம் இட்ட செம்பை ஏந்தி வீடு வீடாக அரிசிப் பிச்சை எடுக்க வேண்டும். வீட்டில் மூட்டை மூட்டையாக அரிசி இருந்தாலும் அதுதான் முறை. அந்த அரிசியில் தளிகை செய்து படைத்து, அரிசி போட்டவர்களையும் பந்தியில் உட்கார வைத்துச் சாப்பிட வேண்டும். அரிசி வாங்கிய வீட்டோடு பிறகு பேதம் பார்க்கக் கூடாது என்பது பெரியவர்கள் கட்டளை. அதனாலேயே ஆகாதவர் வாசலில் யாரும் செம்போடு போய் நிற்க மாட்டார்கள்.

கார் கம்பெனியில் நான் வேலை பார்த்த லைனிலேயே வேலை பார்த்தவர் இசக்கிராஜா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தகப்பன் இல்லாத பிள்ளை. எங்கள் தெருக்கோடியில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வீட்டில் சொன்னேன். அப்பா சம்மதிக்காவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்றும் சேர்த்தே சொன்னேன்.

பெரியப்பா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். “எந்த ஊரோ, இன்னா ஆளுங்களோ! அவனுக்குப் பொண்ணு குடுத்தீன்னா இந்த வூட்டுப் படிய நான் மிதிக்க மாட்டேன்.”

வளர்த்த அண்ணனா, பெற்ற மகளா? அப்பா வாயே திறக்கவில்லை. ஓயாமல் பேசுகிறவர் ஊமையாகிவிட்டால் வீடு தாங்குமா?

அந்தச் சமயத்தில்தான் செம்பெடுக்கும் சனிக்கிழமை வந்தது. அப்பா பட்டை நாமமும் துளசி மாலையுமாக முன்னே நடந்தார். பெரியப்பா சேகண்டி தட்டிக்கொண்டு வந்தார். செம்பு நிறைந்ததும் கொட்டிக்கொள்ளத் துணிப்பையோடு நான் பின்னால் போனேன். தெருவின் கடைசி வீட்டோடு திரும்புவதுதான் வழக்கம். அன்று அப்பா திரும்பவில்லை. நேரே போய் இசக்கியின் அறை வாசலில் நின்று, “கோவிந்தா! கோவிந்தோ!” என்று குரல் கொடுத்தார். சேகண்டிச் சத்தம் சட்டென்று நின்றது.

நைட் ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் லுங்கியோடு எழுந்து வந்தார். அப்பாவின் கோலத்தை மேலும் கீழும் பார்த்தார். “அண்ணாச்சி, என்ன ஆச்சு?” என்றவர், உள்ளே ஓடிப் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து வந்து செம்பில் போட்டார். அவர்கள் பக்கம் தசராவுக்கு வேஷம் கட்டி வருபவர்களுக்குக் காசுதான் போடுவார்களாம்.

“காசு இன்னாத்துக்குடா? எடுத்துக்கோ. அரிசி போடு.”

“மெஸ்ஸுலதான சாப்பிடுதோம், அரிசி கெடையாதே. செத்த நில்லுங்க அண்ணாச்சி, இந்தா வாரேன்.”

கடைக்கு ஓடி ஒரு பாக்கெட்டை வாங்கி வந்து, வழிய வழியச் செம்பில் கொட்டினார். பார்த்தால் புழுங்கல் அரிசி! பெருமாள் செம்பில் பச்சரிசிதான் போட வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

“ஒரு தபா வெந்த அரிசி, படையலுக்கு ஆவாதுடா! எல்லாத்தயும் கீழ கொட்டு” என்று கத்தினார் பெரியப்பா.

அப்பா செம்பை மார்போடு அணைத்துக்கொண்டார். “சொம்புல வுழுந்தது பெருமாளோடது அண்ணே. அத வேணாம்னு சொல்ல நான் யாரு, நீ யாரு?” பிறகு இசக்கியைப் பார்த்து, “இன்னாடா முழிச்சிகினு நிக்கிற? அண்ணாச்சி கிண்ணாச்சின்னா ஒதைப்பேன். மாமான்னு கூப்புடு. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துரு” என்றார். நடுத்தெருவில் துணிப்பையைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகையை எங்கள் தெரு இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது.

பெரியப்பா சேகண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தளிகையோ, பச்சரிசி குழைந்தும் புழுங்கல் நறுக்கென்றும் கிடந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டார். “நல்லாத்தான் இருக்கு அத்தே” என்று இசக்கி மென்று மென்று விழுங்கியதைப் பார்த்து அப்பாவுக்குப் புரையேறிவிட்டது.

அடுத்த வாரம் திருமலைக்குப் போனோம். அலிபிரியிலிருந்து படியேறும்போது எல்லோரும் கோவிந்தா போட, பழக்கதோஷத்தில் இசக்கி மட்டும் “அரோகரா!” என்று கத்திவிட்டார். கூட்டமே திரும்பிப் பார்த்தது. “பெருமாளும் முருகனும் மாமன் மருமவன்தான்டா, கோச்சிக்க மாட்டாங்க, கத்து கத்து” என்றார் அப்பா. மலையில் இருவரும் சேர்ந்து மொட்டை போட்டுக்கொண்டார்கள். ஐப்பசியில் கல்யாணம் என்ற நினைப்பே இருவருக்கும் இல்லை! மணமேடையில் முள்ளு முள்ளாக முடி முளைத்த இரண்டு தலைகளைப் பார்த்த போட்டோகாரர், அப்பாவிடம் “நீங்க மாப்பிள்ளைக்கு அப்பாவா?” என்று கேட்டார். “ஆமா, பொண்ணுக்கும் நான்தான்” என்றார் அப்பா. அந்தக் கல்யாணத்துக்குப் பெரியப்பா வரவில்லை. அப்பாவின் கண் கடைசிவரை மண்டப வாசலிலேயே இருந்தது.

பின்னாளில் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. இசக்கி நைட் ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டு, பகலில் அப்பாவை ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சிகிச்சைக்கு அழைத்துப் போனார். அடுத்த வீட்டிலேயே இருந்தாலும் பெரியப்பா எங்களோடு பேச மாட்டார். ஆனால் இசக்கி அப்பாவைத் தூக்கி உட்கார வைப்பதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் தூக்கத்திலேயே அப்பா போய்விட்டார்.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஷிப்டு மாற்றித் தந்த சூப்பர்வைசருக்கும், வரிசையாகப் பஸ்ஸை நிறுத்திவிட்டு மாலையோடு வந்த டிரைவர் அண்ணன்களுக்கும், தூங்காமல் பந்தல் போட்டுத் தந்த வாடகை அறைப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லோருக்கும் மேலாகப் பெரியப்பாவுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

ஆண் பிள்ளை இல்லாத அப்பாவுக்குக் கொள்ளி வைப்பது பெரியப்பா மகனா, வேறு பங்காளியா என்று அன்று பேச்சு முற்றியது. இசக்கி ஓரமாக ஒதுங்கி நின்றார். அத்தனை வருஷம் மிதிக்காத எங்கள் வீட்டுப் படியேறி வந்தார் பெரியப்பா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் இசக்கியின் கையைப் பிடித்தார்.

“இன்னாடா ஓரமா நிக்கிற? வா. உங்கப்பனுக்கு நீதான் செய்யணும்.”