கணவாயில் கேட்ட ஹாரன்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். காத்து, கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். வாடகை ஜீப் ஓட்டுகிறேன். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூருக்கு ஆட்களை ஏற்றிப் போவேன், அங்கே சாமி வந்து ஆடுகிறவர்களை வண்டியில் உட்கார்ந்தபடியே பார்ப்பேன், உடம்பில் ஒரு சிலிர்ப்புகூட வந்ததில்லை. அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். போன மழையில் ஏரி உடைந்து எங்கள் ஊர் ரோட்டை அறுத்துக்கொண்டு போய்விட்டது. போக வேண்டிய நாள் தவறி, அடுத்த நாளும் தவறி, மனுஷனுக்குக் கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கியது. மழை விட்ட அன்று மத்தியானம் அவரைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்து, துண்டால் சீட்டோடு சேர்த்துக் கட்டினேன்.

"எந்த வழியா போவ?" என்றார்.

"கணவாய் வழியா."

முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அது வழியே இல்லை. செஞ்சிக்கு அந்தப் பக்கம் இரண்டு மலைக்கு நடுவில் ஓடை ஓடுகிற இடுக்கு. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, மேலே மரம் கவிந்து பகலிலேயே மசமசவென்று இருக்கும், விறகுக்குப் போகிறவர்கள்தான் நடந்து போவார்கள். நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டுக் கல் கல்லாக ஏறி இறங்கினேன். ஓரிடத்தில் பின் சக்கரம் வழுக்கி வண்டி பாறையில் சாய்ந்தது. இறங்கி, சக்கரத்துக்கு அடியில் கல் அடுக்கி, மறுபடி ஏறினேன். இன்றைக்கு இவரைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் விடுவதில்லை என்பதைத் தவிர மண்டையில் வேறெதுவும் இல்லை. வாயை இறுக்கி மூடியிருந்தேன், திறந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வேன், அத்தனை குலுக்கல்.

பாதி தூரத்தில் ஒரு மணல் திட்டு வந்தது. "கொஞ்சம் நிறுத்தும்மா, மூச்சு முடியல," என்றார்.

பிரேக்கில் கால் வைத்தேன், பின்னால் ஹாரன் அடித்தது. லாரி ஹாரன், நீளமாக. கண்ணாடியில் பார்த்தால் வளைவு மட்டும்தான் தெரிகிறது. நம்மைப் போலவே யாரோ அவசரத்தில் வருகிறார்கள் என்று நினைத்தேன், இதற்குள் லாரி எப்படி வரும் என்று அப்போது தோன்றவில்லை, சத்தியமாக. மறுபடி அடித்தது, இப்போது முதுகுக்குப் பின்னாலேயே, விடாமல். கால் தானாக ஆக்ஸிலேட்டருக்குப் போய்விட்டது.

மேட்டில் ஏறியதும் ஓரம் கட்டி, பின்னால் வருகிறவனுக்கு வழிவிட்டுக் காத்திருந்தேன். அவன் வரவில்லை. தண்ணீர் வந்தது. பக்கத்து மலையில் எங்கேயோ தேங்கி நின்றது உடைத்துக்கொண்டு, செக்கச்செவேலென்று, மரத்தை வேரோடு புரட்டிக்கொண்டு வந்து அந்த மணல் திட்டை மூடிவிட்டது. நான் இறங்கி நின்று தொண்டை வறளக் கத்தினேன். பதில் இல்லை. மறுநாள் வெள்ளம் வடிந்தபின் ஆட்கள் போய்த் தேடினார்கள், எந்த வண்டியும் அங்கே இல்லை.

அன்று சாயந்திரம் ஆஸ்பத்திரியில் மிஷின் ஓட ஆரம்பித்து அவர் முகம் தெளிந்த பிறகு சொன்னேன். "அந்த லாரிக்காரன் இன்னா ஆனானோ. அவன் ஹாரன் அடிக்கலன்னா அங்கயே நின்னுருப்போங்க."

"எந்த லாரி? எனக்கு ஹாரனே கேக்கலியே." தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "நான் நிறுத்துன்னதும் நீ காலியா கெடந்த பின் சீட்டுப் பக்கம் திரும்பி, 'நிறுத்தலிங்க, போய்க்கினேதான் இருக்கேன்'னு சொன்ன. யாருகிட்ட சொன்ன?"

கணவாயில் வண்டி ஓட்டும்போது நான் வாயே திறக்கவில்லை. அது எனக்கு நிச்சயம்.

"பேரு சொல்லிக் கூப்ட்டு வேற பேசின," என்றார்.

"இன்னா பேரு?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இப்போது நன்றாக நடமாடுகிறார், வாரத்துக்கு ஒரு சண்டையாவது போடுகிறார். எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "அத்த மட்டும் கேக்காத," என்று சொல்லி, சாப்பிடுகிற தட்டை வைத்துவிட்டு எழுந்து போகிறார்.